மூன்று குழிக் கல்

பலவேசம் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் நாலு சுற்றுச் சுற்றி என் கன்னத்தில் வைத்ததும் சில்லென்றது. இனி வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும், ஆகவே கொஞ்ச நேரத்துக்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அந்த மட்டில் நிம்மதி. எதிரே ஒரு கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் ஞானதிரவியங்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், எல்லாருக்கும் வெள்ளை நுரைத் தாடி, எல்லார் கழுத்திலும் நீலத் துண்டு, கடைசியில் இருப்பவன் மட்டும் தைரியசாலி மாதிரித் தெரிகிறான், தூரத்தில் இருப்பதால் இருக்கும். இன்றைக்குத் திங்கட்கிழமை. ஞாயித்துக்கிழமை ஆராதனை கழியட்டும், திங்கட்கிழமை வாங்க, சொல்லுதேன் என்றாள் நர்ஸ் தங்கபுஷ்பம். என்ன சொல்வாள்? ரயில்வே பார்சல் ஆபீஸில் ஆயுசைக் கழித்துவிட்டு ரிட்டையரானவன், பேரன் எடுத்தவன், ஒரு பெண் என்ன சொல்லப்போகிறாளோ என்று சலூன் நாற்காலியில் கிடக்கிறேன். மகனிடம் போனில் சொன்னபோது சிரித்தான். ‘நல்லதுப்பா, நர்ஸம்மா வந்தா உங்க பிரஷரைப் பாத்துக்கிடுவாங்க’ என்றான். பிரஷருக்காகவா கேட்டேன்? பிரஷர் பார்க்கத்தான் அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன், அது உண்மை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்துக்கொண்டே, ‘என்ன ஞானதிரவியம் சார், போன வாரத்தைவிடக் கூடியிருக்கு, ராத்திரி உறங்கலியா?’ என்பாள். உங்களைப் பார்க்க வரும்போது மட்டும்தான் ஏறுது என்று எப்படிச் சொல்வது? செல்லக்கனி இறந்தபிறகு வீட்டில் என் செருப்புச் சத்தம்தான் எனக்குத் துணை. தங்கபுஷ்பம் வீட்டுப் புறவாசலில், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அவள் தந்த கருப்பட்டிக் கடுங்காப்பியைக் குடித்தபோது, வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது, நாம ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருந்தா என்ன என்று. அவள் கோபப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ‘என் வீட்டுக்காரர் குடிச்சே போனவரு, ஊருக்கே தெரியும், இன்னொரு தடவை அந்த வாடை என் வீட்டுக்குள்ள வரப்படாது’ என்றாள். வராது, வரவே வராது என்றேன். சொன்ன மறுநாளே ரயிலடி பாரில் உட்கார்ந்திருந்தேன், பாவி.

பலவேசம் சோப்பைத் தாடையடியில் பூசுகிறான், அங்கே எனக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும், சிரிக்கக்கூடாது. நான் குடிப்பதில்லை. குடித்ததே இல்லை. கலர் சோடாவின் வாயு ஏறினாலே கண்ணில் நீர் வந்துவிடும். ஆனால் எங்கள் ஓடைப்பாலம் ஜங்ஷனில் என்னை மாதிரி எல்லா பாரிலும் உட்கார்ந்து எழுந்தவன் வேறு எவனும் கிடையாது. எல்லாம் அந்தச் சீட்டுக் குலுக்கலால் வந்தது. நூலக வாசகர் வட்டத்தில் ஊர் வரலாறு எழுதுவோம் என்று முடிவு செய்து, கோயில், சர்ச், ரயில், பள்ளிக்கூடம், சந்தை என்று துண்டுத் தாளில் எழுதிச் சுருட்டி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ரயில் வரும் என்று நினைத்தேன், ரயில்தானே எனக்குத் தெரியும். பிரித்துப் பார்த்தால் ‘ஆதி மதுக்கடைகளும் லைசென்ஸ்தாரர்களும்’ என்று இருக்கிறது. எல்லாரும் ஒரே சிரிப்பு. ரயில் கிடைத்தவர் ஊரிலேயே பெரிய குடிகாரர், மாற்றிக்கொள்வோமா என்று அவரே கேட்டார். வீம்புக்கு மாட்டேன் என்றேன். அங்கே பிடித்தது சனி. கள்ளுக்கடைக் கதையை யாரிடம் கேட்பது? ஆராதனை முடிந்து வருகிறவர்களிடம் கேட்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள். அப்பன் பாட்டன் சொன்ன கதை தெரிந்த கிழவர்கள் எல்லாம் பாரில்தான் இருக்கிறார்கள். அங்கே போய்க் காலிக் கையோடு உட்கார்ந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை, போலீஸ்காரன் மாதிரிப் பார்க்கிறார்கள். கையில் கிளாஸ் இருக்கிறவனோடுதான் கிளாஸ் இருக்கிறவன் பேசுவான், அது அங்கே வழக்கம். சரி என்று பிளாஸ்கில் கடுங்காப்பி கொண்டுபோய், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டேன். பார்க்க ரம் மாதிரியே இருந்தது. எனக்கே ஒரு வாய் குடித்ததும் தலை சுற்றுகிற மாதிரி இருந்தது. அந்தக் கோலத்தில் என்னை யார் யார் பார்த்தார்கள்? பால்காரர் பார்த்தார். சர்ச் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் பார்த்தார், அவர் எதற்கு அங்கே வந்தார் என்று நான் கேட்கவில்லை. பிறகு ஊர் முழுக்கப் பேச்சு, பார்சல் ஆபீஸ்காரர் பொண்டாட்டி போன துக்கத்தில் குடியில் விழுந்துவிட்டார் என்று.

சவரக் கத்தியில் புது பிளேடு போடுகிறான். டக்கென்ற அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். ஆனாலும் எத்தனை ஆட்கள் கிடைத்தார்கள் அந்தக் கடைகளில்! லாரன்ஸ் துரை என்று ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், இன்ஜின் டிரைவர்களுக்காக ஸ்டேஷனுக்கு எதிரே டாவர்ன் என்று சீமைச் சாராயக் கடை நடத்தியவர். கடை சாத்துகிற நேரம் வந்தால் துரை வாய் திறக்கமாட்டாராம், அவருடைய கிளிதான் ‘கெட் அவுட், கெட் அவுட்’ என்று கத்துமாம், கிளி சொன்னால் வெள்ளைக்கார ரயில் கார்டுகூட எழுந்து போய்விடுவானாம். சாராயக்கடைக் கொம்பையா தன் கடைச் சரக்கைத் தான் தொடமாட்டேன் என்று திருச்செந்தூரில் சத்தியம் செய்தவர், பக்கத்து ஊர் போய்க் குடித்துவிட்டு வருவாராம். இதையெல்லாம் கேட்டுச் சிரித்துச் சிரித்து, செல்லக்கனி போனபிறகு முதல்முறையாக எனக்கு விலா வலித்தது. ஆனால் எல்லாருக்கும் முந்தியவள் பூவம்மாள். ரயில் பாதை போட மண் சுமக்க வந்தவர்களுக்காக, ஊரில் ரயில் வருவதற்கு முன்பே, தன் பேரிலேயே லைசென்ஸ் எடுத்துக் கள்ளுக்கடை வைத்தவள். ஆம்பளை பேரில் அல்ல, தன் பேரில். அவள் கடையில் ஒரு நீளக் கல் கிடந்ததாம், மூன்று குழி வெட்டிய கல். கள்ளுப் பானைக்கு அடி உருண்டைதானே, வெறும் தரையில் நிற்காது, குழியில் வைத்தால் அசையாமல் உட்காரும். அந்தக் கல்லுக்குப் பின்னால் பூவம்மாள் உட்கார்ந்தால் ராஜ்ஜியம்தான். ஒருவன் போதும் என்கிற அளவைத் தாண்டுகிறான் என்று அவளுக்குப் பட்டால், சண்டை கிடையாது, சத்தம் கிடையாது, அவன் கையில் இருக்கும் மொந்தையை வாங்கிக் கல்லில் கவிழ்த்துவிடுவாளாம். அவ்வளவுதான். பூவம்மா கவுத்தா கவுத்ததுதான் என்று ஊரில் பேச்சாம். அப்படிக் கவிழ்க்கப்பட்டவன் அடுத்த கடைக்குப் போனாலும் கொம்பையாகூட ஊற்றமாட்டாராம். புருஷனைத் தேடிப் பெண்டாட்டிகள் அவள் கடைக்குத்தான் கூச்சமில்லாமல் வருவார்களாம். இதைச் சொன்னவர் சங்கிலிக் கிழவர், தொண்ணூறு வயது இருக்கும், காலில் ஆறாத புண், யாரோ நர்ஸிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு நேரே பாருக்கு வருகிறவர். அந்தக் கல்லைக் கண்டுபிடியும் வே, கடை இருந்த இடம் தெரியும் என்றார். அன்றிலிருந்து ஊரில் எந்த வீட்டு வாசல்படியையும் நான் சும்மா தாண்டியதில்லை, குனிந்து குனிந்து பார்த்தே இடுப்பு பிடித்துக்கொண்டது. தெருவில் குனிந்து தள்ளாடுகிறார் என்று அதுவும் குடிக் கணக்கில் சேர்ந்தது.

கத்தி காதோரம் இறங்குகிறது, சரக் சரக். எல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கிழவர் அடுத்த கிளாஸில் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால். பூவம்மாளின் மகள் வேதத்துக்கு வந்து, கிறிஸ்தவளாகி, ஒரு உபதேசியாரைக் கட்டினாளாம், அந்த வம்சம்தான் ஜெபமணி வாத்தியார் வீடு என்றார். கடுங்காப்பி எனக்குப் புரையேறியது. ஜெபமணி வாத்தியார் மதுவிலக்குச் சங்கச் செயலாளர், ஒவ்வொரு மாநாட்டிலும் வெள்ளை வேட்டியில் முதல் வரிசை. தங்கபுஷ்பத்துக்குக் கூடப்பிறந்த அண்ணன். இப்போது பார், எப்படிச் சிக்கிக்கொண்டேன் என்று. நான் குடிக்கவில்லை, ஆராய்ச்சிக்குப் போனேன் என்று தங்கபுஷ்பத்திடம் சொல்லலாம். சொன்னால், அப்படியா சார், என்ன கண்டுபிடிச்சீங்க என்று கேட்பாள். அவளுக்குக் கேள்வி கேட்கத் தெரியும், நர்ஸ். உங்க பூட்டிதான் ஊரின் முதல் கள்ளுக்கடைக்காரி என்று அவளிடம், குடியால் புருஷனைப் பறிகொடுத்தவளிடம், எந்த வாயால் சொல்வேன்? சொல்லாமல் மறைத்துக்கொண்டு கட்டிக்கொள்ளலாமா? அதுவும் ஆகாது, மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்காது. அப்படியானால் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் நான் குடிகாரன். சொல்லலாமா, வேண்டாமா, வேண்டாம், சொல்லலாம். ராத்திரியெல்லாம் இதே பாட்டு. எனக்கு அவள் வேண்டும், அது ஒன்றுதான் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் புறவாசல் வேண்டும், அந்தக் கடுங்காப்பி வேண்டும், ராத்திரி உறங்கலியா என்று கேட்கிற அந்தக் குரல் வேண்டும். ஒரு கன்னம் முடிந்துவிட்டது. பலவேசம் என் தலையை மறுபக்கம் திருப்புகிறான், கண்ணாடியில் கதவு திறக்கிறது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. வரிசையாக நிற்கும் எல்லா ஞானதிரவியங்களுக்குப் பின்னாலும் ஒவ்வொரு ஜெபமணி வாத்தியார் வந்து உட்காருகிறார்.

என்னைத் தெரியவில்லை போலிருக்கிறது. பாதி முகத்தில் நுரை, தலையைச் சாய்த்துப் போட்டிருக்கிறான், துண்டு வேறு. அப்படியே இருந்துவிடலாம் என்று பார்த்தேன். பெஞ்சில் ஏற்கெனவே இரண்டு பேர், ஒருவர் அதே ஆர்மோனியக்காரர். வாத்தியார் பேப்பரை எடுத்தார், விரித்தார், படிக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம் காதில் கேட்டது. பட்டையைச் சுற்றிக் காற்றடித்தால் தங்கபுஷ்பம் பயந்துபோவாள்.

“ஏ பலவேசம், ஒண்ணு கேக்கேன்” என்றார் வாத்தியார். “பார்சல் ஆபீஸ்ல இருந்த ஞானதிரவியம்னு ஒருத்தரு, உனக்குத் தெரியுமாடே? ஆளு எப்படி? பாருக்குப் போறாராமே?”

கத்தி என் தொண்டைக்குழிக்கு ஒரு விரல் தள்ளி நின்றுவிட்டது. பலவேசத்தின் கண்ணும் என் கண்ணும் கண்ணாடியில் சந்தித்தன. சிரிப்பை அடக்க அவன் படுகிற பாட்டில் கத்தி நடுங்கிற்று, எனக்கு அதுதான் பயம்.

“என்னய ஏன் கேக்கிய அண்ணாச்சி?” என்றான். “ஆளு இந்தா கெடக்காருல்லா, அவரையே கேளுங்க.”

எழுந்து உட்கார்ந்தேன். இனி என்ன? துண்டோடு, அரை முகத்து நுரையோடு திரும்பி, ‘ஸ்தோத்திரம் வாத்தியாரே’ என்றேன். நுரை வாய்க்குள் போயிற்று. பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள், காசு கொடுத்தாலும் இப்படி ஒன்று கிடைக்காது.

“ஸ்தோத்திரம்” என்றார் வாத்தியார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “நேராவே கேட்டுருதேன். பாருக்குப் போறது உண்டா?”

“உண்டு.”

“எதுக்கு?”

எதுக்கு. பதில் நாக்கு நுனியில் இருக்கிறது. உங்க வம்சத்துக் கதையைக் கேட்க. சொன்னால் இந்த நிமிஷமே நான் வெளுத்துத் துவைத்த வேட்டி. ஆனால் ஆர்மோனியக்காரர் காது நீண்டுகொண்டிருக்கிறது, மத்தியானத்துக்குள் ஊருக்கே போய்விடும், மதுவிலக்கு வாத்தியார் வீட்டுப் பூட்டி கள்ளு விற்றவள் என்று. நாளைக்கு இவர் மாநாட்டு மேடையில் ஏறினால் கீழே இருந்து எவனாவது கனைப்பான். தங்கபுஷ்பம் கடைத்தெருவில் போனால் பின்னால் பேசுவார்கள். ஏற்கெனவே ஒரு முறை அவளைக் குடியை வைத்துப் பேசிவிட்டது இந்த ஊர். இன்னொரு முறை என்னாலா? என்னால் முடியாது. முடியாது என்று தெரிந்ததும் ராத்திரியெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பாட்டு நின்றுவிட்டது, ஆச்சரியமாக இருந்தது, மனசு லேசாகக்கூட இருந்தது. போகட்டும், என் செருப்புச் சத்தமே எனக்குப் போதும் என்று நினைத்தேன்.

“எதுக்குப் போவாங்க, குடிக்கத்தான்” என்றேன். “எப்பவாவது. கொஞ்சம்போல.”

வாத்தியார் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது, அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, குடை கீழே விழ, கண்ணில் நீர் வர, அடக்கமாட்டாமல் சிரித்தார்.

“பொய்யி!” என்றார். “ஒரு பெரிய மனுஷன் சலூன்ல உக்காந்து குடிப்பேன்னு பொய் சொல்லுதாரு, நான் என் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லை. எங்க தங்கச்சி முன்னமே சொன்னா, அண்ணே, நீ கேட்டா அவரு ஆமான்னுதான் சொல்லுவாரு, நம்ம பூட்டியைக் காட்டிக் குடுக்கமாட்டாருன்னு. நான் நம்பல.”

“என்னது?” என்றேன்.

“சங்கிலிப் பெரியவரு கால்புண்ணுக்கு யாருகிட்ட கட்டுப் போடுதாருன்னு நெனைச்சீங்க? எங்க தங்கச்சிகிட்டதான். ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டாரு, வாடையிலயே அவரு கண்டுபிடிச்ச உங்க கடுங்காப்பி உள்பட.” பெஞ்சின் பக்கம் திரும்பி, மாநாட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னார், “கேட்டுக்கிடுங்கய்யா, இந்த ஊருல மொதல்ல கள்ளுக்கடை வச்சது எங்க பூட்டி பூவம்மா. எங்க தாத்தா இதை மூடி வச்சாரு, எங்க அப்பா மூடி வச்சாரு, நானும் மூடித்தான் வச்சேன். நேத்து ராத்திரி தங்கபுஷ்பம் என்னைப் பிடிச்சுக் கேட்டா, அண்ணே, பூட்டி மாதிரி ஒருத்தி கடையில இருந்திருந்தா என் வீட்டுக்காரரு மொந்தையைக் கவுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பாளே, அவளுக்கா நாம வெக்கப்படுதோம்னு. அதான் இப்பத் தொறந்து சொல்லுதேன்.” குரல் தணிந்தது. “காலையில ஆளு கூப்பிட்டு, தங்கச்சி இருக்கிற எங்க பூர்வீக வீட்டுப் புறவாசல்ல துவைக்கிற கல்லு கெடக்குல்லா, பெரியவரு சொன்னது இதுவா இருக்குமோன்னு அதைப் புரட்டிப் போட்டுட்டா. அடியில மூணு குழி. பூட்டியோட மகதான் கவுத்துப் போட்டிருக்கணும், நாங்க எல்லாரும் அது மேலயே துவைச்சுக்கிட்டு இருந்திருக்கோம். வந்து பார்க்கச் சொன்னா. மாப்ள, மறு கன்னத்தையும் முடிச்சுட்டு வாரீரா, இல்ல இப்படியேவா?”

மாப்ள என்றார். கல்லை விட்டுவிட்டேன், அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். பலவேசம், ‘அண்ணாச்சி, மறு கன்னம்!’ என்று கத்தியது காதில் விழுந்தது, நான் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இருந்தேன். அரை முகம் சுத்தம், அரை முகம் நுரை, கழுத்தில் பலவேசத்தின் நீலத் துண்டு, பக்கத்தில் மதுவிலக்குச் சங்கச் செயலாளர் குடை பிடித்துக்கொண்டு வருகிறார். வெயிலில் சோப்பு காய்ந்து கன்னம் இழுக்கிறது. பால்காரர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார், காலையிலேயே ஏற்றிவிட்டார் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும். எந்த வாசல்படியையும் குனிந்து பார்க்காமல் நடப்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது! ஊரெல்லாம் தேடியிருக்கிறேன், ஸ்டேஷன் பிளாட்பாரக் கல்லைக்கூட விடவில்லை. அவ்வளவு நாளும் அதன் மேல் உட்கார்ந்துதான் காப்பி குடித்திருக்கிறேன், அதன் மேல் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறேன், மூன்று குழியும் எனக்குக் கீழே இருட்டில் கவிழ்ந்து கிடந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

புறவாசலில் ஈர மண் வாடை. கல் மல்லாந்து கிடந்தது, தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தாள், மூன்று குழியும் உள்ளங்கை தேய்ந்த மாதிரி வழவழவென்று. ஒவ்வொரு குழியிலும் ஒரு டம்ளர் கடுங்காப்பி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. கல்லுக்குப் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பம் என் முகத்தைப் பார்த்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

“இதென்ன கோலம்?”

“பாதியில எந்திரிச்சு வந்துட்டேன்.” வாத்தியார் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னார்.

“குடிப்பேன்னு சொன்னீங்களாமே?”

“சொன்னேன்.”

அவள் ஒரு டம்ளரை எடுத்து நீட்டினாள். குடித்தேன். இத்தனை ருசியாக அவள் போட்டதே இல்லை, அல்லது எனக்கு அப்படி இருந்தது. பதில் என்ன என்று கேட்க வேண்டும், திங்கட்கிழமை வந்துவிட்டது, ஆனால் எப்படிக் கேட்பது, அண்ணன் வேறு பக்கத்தில் நிற்கிறார். கேட்கத் தெரியாமல் காலி டம்ளரை நீட்டி, இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்றேன். தங்கபுஷ்பம் அதை என் கையிலிருந்து வாங்கினாள், என்னைப் பார்த்துக்கொண்டே கல்லின் மேல் கவிழ்த்து வைத்தாள்.

“உங்களுக்குப் பிரஷர் இருக்கு. இனிமே இந்த வீட்டுல ஒரு நாளைக்கு ஒண்ணுதான்” என்றாள்.